முள் நடுவில்தான் நிற்கும்

"குடிக்கிற தண்ணியா சார்?" என்றார் மெக்கானிக், சீட்டுக்குக் கீழே உருண்டு கிடந்த இரண்டு லிட்டர் பாட்டிலைப் பார்த்து.

"இல்லை அண்ணாச்சி, ரேடியேட்டருக்கு. லேசாக் குறையுது. அப்பப்ப ஊத்திக்குவேன்."

"எத்தனை நாளா ஊத்துறீக?"

நான் போனது பிரேக்கில் வந்த கீச்சுச் சத்தத்துக்கு. அதை விட்டுவிட்டு இவர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாரே என்றிருந்தது. மூன்று வாரம் இருக்கும் என்றேன். முள் ஏறுகிறதா என்று கேட்டார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு மிகுந்த தைரியம். டெம்பரேச்சர் முள் ஒரு நாளும் பாதியைத் தாண்டியதில்லை, நடுவில்தான் நிற்கிறது என்றேன்.

"அது நடுவுலதான் நிக்கும்" என்று சிரித்துவிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. கார் எஞ்சினின் தண்ணீர்ச் சுற்று மூடிய சுற்று. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றிடம் கொடுத்துவிட்டு அதே தண்ணீர் திரும்பவும் எஞ்சினுக்குள் போகிறது. பெட்ரோலைப் போல அது செலவாகும் பொருள் கிடையாது. வருஷக்கணக்கில் துளியளவு குறைந்தால் சரி. வாராவாரம் குறைகிறது என்றால் எங்கோ போகிறது. வெளியே ஒழுகினால் செலவு சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை. எஞ்சினுக்கு உள்ளே ஒழுகினால் பல பத்தாயிரம். இரண்டுக்கும் முதல் அறிகுறி ஒன்றுதான்: பாட்டில்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன் நான். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744ஆம் எண் நெடுஞ்சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் எஞ்சின் எங்கே சூடாகப் போகிறது என்ற நினைப்பு எனக்கு. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி, அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகும். இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியே புகையோடு போய்விடும். மீதி ஒரு பங்கு எஞ்சினின் உலோகத்தில் இறங்கித் தண்ணீருக்கு வரும். என் கார் ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போக முக்கால் லிட்டர் குடிக்கிறது. அந்தச் சூட்டில் இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு குடத்துக்கும் அதிகம்! ஆனால் காருக்குள் ஓடுவது நான்கைந்து லிட்டர். கால் மணி நேரத்தில் இவ்வளவு சூட்டையும் அது கொதிக்காமல் வாங்கி வாங்கி வெளியே தள்ள வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. (2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பால்கோவாதான்.) பாலில் தண்ணீர் இருக்கிற வரை சட்டி எவ்வளவு எரிந்தாலும் அவ்வளவு சீக்கிரம் அடிப்பிடிக்காது, உலோகத்தில் ஏறும் சூட்டைத் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொண்டு நூறு டிகிரியை ஒட்டி நிறுத்திவைக்கும். தண்ணீர் வற்ற வற்றக் கரண்டி வேகமாக ஓடும். ஓரிடத்தில் கை நின்றால் போச்சு. எஞ்சினுக்குள்ளும் இதே கதைதான். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் உச்ச வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். உருகாமல் காப்பது மறுபக்கம் ஓடும் தண்ணீர். அது குறைந்து ஓரிடத்தில் நீராவிக் குமிழி தங்கிவிட்டால் அந்த இடம் அடிப்பிடிக்கும். கிண்டிவிட அங்கே கரண்டி கிடையாது.

சரி, அப்படி ஆகும்போது முள் ஏற வேண்டாமா?

முள்ளுக்குத் தகவல் கொடுப்பது தெர்மிஸ்டர் என்ற ஒரு சின்னப் பொருள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்த அளவை வைத்து வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். அது தண்ணீருக்குள் முங்கி இருந்தால்தான் தண்ணீரின் சூடு அதற்குத் தெரியும். தண்ணீர் இறங்கிக் காற்றில் நின்றால், பக்கத்திலேயே எஞ்சினின் உலோகம் வெந்துகொண்டிருந்தாலும் அது சாதுவாக ஒரு கணக்குச் சொல்லும். ஆக, நிலைமை மிக மோசமாகும் நேரத்தில்தான் முள் பொய் சொல்ல வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றை அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. இப்போதைய கார்கள் பலவற்றில் முள்ளை வேண்டுமென்றே மந்தமாக்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் 80 டிகிரியில் இருந்தாலும் 100ஐத் தாண்டினாலும் முள் நடுவை விட்டு நகராது. மேட்டில் கொஞ்சம் ஏறி, சரிவில் கொஞ்சம் இறங்கினால் வாடிக்கையாளர் பயந்துபோய் ஷோரூமுக்கு ஓடி வருகிறாராம். அதனால் அவர் கண்ணுக்கு நிம்மதி கொடுத்துவிட்டார்கள். பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு, எல்லை மீறினால் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

உண்மை எண் காருக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி என்ற பதினாறு துளைச் சாக்கெட் ஒன்று உண்டு. புகைக் கட்டுப்பாட்டுக்காக 1996இல் அமெரிக்கா எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் பி.எஸ். 4 புகை விதிகளின் காலத்தில் வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் கருவியை அதில் செருகினால் தண்ணீரின் சூட்டை ஃபோன் திரையில் டிகிரி டிகிரியாகப் பார்க்கலாம். கார்க் கணினி அனுப்புவது 0 முதல் 255 வரை ஓர் எண். அதில் 40ஐக் கழித்தால் செல்சியஸ். 144 வந்தால் 104 டிகிரி. அந்த நேரத்தில் டேஷ்போர்டைப் பாருங்கள், முள் நடுவில் நின்றாலும் நிற்கும்.

மெக்கானிக்கிடம் அந்தக் கருவி இருந்தது. ஆனால் அவர் முதலில் எடுத்தது டார்ச் லைட். பெல்ட் ஓடும் பக்கம் குனிந்து, வாட்டர் பம்புக்கு அடியில் வெளிச்சத்தைக் காட்டினார். பென்சில் முனை நுழையும் அளவில் ஒரு துளை. அதிலிருந்து கீழே எஞ்சின் உடம்பு வழியே வெள்ளையாக ஒரு கோடு, காய்ந்த சுண்ணாம்பு வழிந்த மாதிரி. நகத்தால் சுரண்டினார், பொருக்காக உதிர்ந்தது.

அந்தத் துளையை வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். பம்பின் சுழலும் தண்டில் ஒரு சீல் இருக்கும். அது தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் பம்பே இறுகிவிடும். அப்படிப் போகாமல் வெளியே வடியட்டும், வடிவதைக் கண்டு யாராவது பம்பை மாற்றட்டும் என்றுதான் அந்தத் துளை. ஒழுகல் சொட்டாகத் தரையில் விழுந்தால் நாம் பார்த்துவிடுவோம். சூடான எஞ்சினில் பட்டு அங்கேயே ஆவியாகிவிட்டால் இந்த வெள்ளைக் கோடு மட்டும்தான் சாட்சி.

கோடு ஏன் அத்தனை வெள்ளை? நான் ஊற்றியது உப்புத் தண்ணி. வீட்டுக்கு வீடு போர் போட்டிருக்கும் நம் பக்கத்தில் குளிக்க, துவைக்க, வண்டி கழுவ அதுதான். நல்ல தண்ணி குடிக்க மட்டும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் ஏடு ஏடாகப் படிகிறதே, அதே கால்சியம் கார்பனேட் எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்துக்குப் பக்கத்தில்கூட அது நிற்காது. பல பத்து மடங்கு மந்தம். எஞ்சினுக்கு உள்ளேயே ஒரு போர்வை போர்த்தியதுபோல ஆகிவிடும்.

"நம்மூர்ல என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்காத ஆள் கிடையாது. நானும் கேட்டவன்தான். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீர் உறையாமல் இருக்கத்தான் குளிர் நாடுகளில் கலக்க ஆரம்பித்தார்கள். ராஜபாளையத்து வெயிலில் உறைவது பிரச்சினையே இல்லை. ஆனால் அதே கலவை கொதிநிலையையும் மேலே தள்ளுகிறது: பாதிக்குப் பாதி கலந்தால் 107, 108 டிகிரி. கூலன்டில் சேர்த்திருக்கும் துருத் தடுப்பு மருந்துகள் அதைவிட முக்கியம். வெறும் தண்ணீர், அதிலும் உப்புத் தண்ணி, அலுமினியத்தை அரிக்கும், பம்பின் சீலைத் தேய்க்கும். என் பம்ப் போனதில் என் பாட்டிலுக்கும் பங்கு உண்டு என்பதை மெக்கானிக் பக்குவமாக, ஆனால் விடாமல் சொன்னார். அவசரத்துக்கு ஊற்றத்தான் வேண்டும் என்றால் டிஸ்டில்ட் வாட்டர்.

ரேடியேட்டர் மூடியையும் யாரும் மதிப்பதில்லை. சுற்றுக்குள் அழுத்தம் சேரும்படி அது பிடித்து வைக்கிறது. காற்றழுத்தத்துக்கு மேல் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 119 டிகிரி வரை கொதிக்காது. குக்கரில் பருப்பு வேகும் அதே தத்துவம். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்த இருபது டிகிரியும் போச்சு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் இறங்கி, அதுவரை கொதிக்காமல் இருந்த தண்ணீர் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

இன்னொரு பட்டறை வைத்தியம் உண்டு: "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிஞ்சிருங்க, வண்டி ஜம்முனு கூலா ஓடும்." தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு வைத்த ஒரு கதவு, 80 டிகிரிக்கு மேல் மெழுகு இளகி விரிந்து கதவைத் திறக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும். உண்மையான கோளாறும் மறைந்துவிடும். காய்ச்சல் என்று போனவரிடம் தெர்மாமீட்டரை உடைத்துக் காட்டுகிற வைத்தியம்!

பம்ப் மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். "வண்டியை விட்டுட்டுப் போங்க சார். ஹெட்டுக்கு அடி பட்டிருக்கான்னு காலையில பச்சை எஞ்சின்ல பாத்துச் சொல்றேன்" என்றார். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைத்தான் அவர் பச்சை எஞ்சின் என்கிறார்.

ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல் உட்காரும் அலுமினியப் பாளம். கீழே பிளாக், பல எஞ்சின்களில் வார்ப்பிரும்பு. நடுவில் ஹெட் கேஸ்கட் என்ற மெல்லிய தகடு. எரியும் வாயு, ஆயில், தண்ணீர் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அது. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 400 மில்லிமீட்டர் நீள ஹெட் 100 டிகிரி சூடேறினால் 0.9 மில்லிமீட்டர் நீளும். கீழே இருக்கும் இரும்பு 0.45 கூட நீளாது. தினமும் இந்த அரை மில்லிமீட்டர் இழுபறியைத் தாங்கத்தான் கேஸ்கட்டைச் செய்திருக்கிறார்கள். அளவுக்கு மேல் சூடேறினால் போல்ட்டுகளுக்கு நடுவே சிக்கிய ஹெட் நீள வழியில்லாமல் வளைந்துவிடும். பல எஞ்சின்களில் ஹெட்டின் முகம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோணினாலே ஆகாது. தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி அது. அதன் வழியே வாயு தண்ணீருக்குள் புகும், தண்ணீர் சிலிண்டருக்குள் புகும். பிறகு லேத் பட்டறை, ஃபேஸிங், புது கேஸ்கட், புது போல்ட், ஒரு வாரம் பஸ். ஹெட் வளைந்தபிறகும் நிறுத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் இறுகி எஞ்சினே சீஸ் ஆகிவிடும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். மேல் ஹோஸை அழுத்திப் பார்க்கச் சொன்னார், தொளதொளவென்று இருந்தது. ராத்திரி தாண்டியும் அது விறைப்பாக இருந்தால், நேற்று உள்ளே புகுந்த வாயு இன்னும் வெளியேறவில்லை என்று அர்த்தமாம். ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார்: தேன் நிறத்தில் ஆயில். மோர் போல வெளுத்த நுரை படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. (மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு மட்டுமே போய்வரும் வண்டிகளில் ஈரத்தால் கொஞ்சம் நுரை படிவதுண்டு, அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.) பிறகு ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடாமல் எஞ்சினை ஓட விட்டார். இரண்டு குமிழி வந்தது, நின்றது. நிற்காமல் பாசிமணி கோத்தது போல வந்துகொண்டே இருந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் புகை.

கடைசியாக எல்லாப் பட்டறையிலும் இருக்காத ஒன்றை எடுத்தார். ரேடியேட்டர் வாயில் பொருந்தும் கண்ணாடிக் குழாய், உள்ளே நீலத் திரவம், மேலே ஒரு ரப்பர் பல்பு. பல்பை அமுக்கி அமுக்கி, தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றைத் திரவத்தின் வழியே இழுத்தார். இந்த வகைத் திரவத்தில் இருப்பது புரோமோதைமால் புளூ. அமிலம் பட்டால் மஞ்சளாகும் சாயம். கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். வெளிக் காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம்தான், பெட்ரோல் புகையிலோ 12 சதவீதத்துக்கு மேல். கேஸ்கட்டில் முடியளவு கசிவு இருந்தாலும் நீலம் மாறிவிடும். இரண்டு நிமிடம் போனது. நீலம் நீலமாகவே இருந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மருந்து பழசாகி இருந்தால்? கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. பாட்டிலிலிருந்து ஒரு மூடி திரவத்தை டம்ளரில் ஊற்றி, ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒன்றை அதில் விட்டு ஊதினார். நம் மூச்சுக் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு நான்கு சதவீதம். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது. பள்ளிக்கூட லேபில் பார்த்த வேடிக்கை, கிரீஸ் கையோடு.

பம்பைக் கழற்றிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். நான் கேட்டதில் மிகப் பயனுள்ளது அதுதான். வண்டி ஹீட் ஆகிறது என்று யார் வந்தாலும் அவர் கேட்பது, எப்போது என்றுதான். ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது ஹீட் ஆகி, ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் இறங்கினால் விசிறியையோ அதன் ரிலேவையோ பார்க்க வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே விசிறி வேலையைச் செய்துவிடுகிறது. தட்டையான ரோட்டில் ஒழுங்காக இருந்து, குற்றால சீசனிலோ ஐயப்ப சீசனிலோ ஆளும் மூட்டையுமாகப் புளியரை வளைவுகளில் ஏறும்போது ஹீட் ஆனால் விசிறியின் மேல் குற்றமில்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீர் போதுமான வேகத்தில் சுற்றவில்லை. அடைப்பு வெளியிலும் இருக்கலாம். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் வந்ததிலிருந்து பஞ்சோடு வாழும் ஊர் இது. மில் வாசல்களிலும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டிப் பக்கமும் நிற்கும் வண்டிகளின் ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே பஞ்சும் புழுதியும் சேர்ந்து கம்பளிபோல் அப்பியிருப்பதை அவர் உருவிக் காட்டியிருக்கிறார். முள் அசையாவிட்டாலும் காது இருக்கிறது: முன்பைவிட அடிக்கடி விசிறி ஓடும் சத்தம் கேட்டால் எஞ்சின் திணறுகிறது.

புளியரை வளைவுகள் ஏறும் இதே மலையில் கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதை 1904இல் திறந்தபோது ஏறியவை நீராவி எஞ்சின்கள். தண்ணீர் வற்றினால் அங்கே கொதிகலனே வெடிக்கும். அதனால் நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் நிரப்பிய திருகாணி ஒன்றைப் பொருத்துவார்கள். தண்ணீர் மட்டம் இறங்கினால் ஈயம் உருகி, நீராவி சீறி ஓட்டுநரை எச்சரிக்கும், நெருப்பையும் தணிக்கும். தன் கொதிகலன் ஒன்று 1803இல் கிரீனிச்சில் வெடித்து ஆட்கள் இறந்த பிறகு ரிச்சர்ட் டிரெவிதிக் கண்டுபிடித்த ஏற்பாடு அது. கார்க்காரருக்கு அந்தத் திருகாணி கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால் அவரேதான் நிறுத்த வேண்டும். ஓரங்கட்ட இடம் கிடைக்கும் வரை ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, ஜன்னல்களை இறக்கிவிடலாம். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். வெந்தாலும் நாம்தானே வேகிறோம். நிறுத்தியபின் அரை மணி நேரத்துக்கு மூடியைத் தொடக் கூடாது. வெந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

பதினோரு மணிக்குப் புது பம்ப் ஏறிவிட்டது. பழைய தண்ணீரைக் கீழே பேசினில் வடித்திருந்தார்: மங்கிய பச்சை, அடியில் என் உப்புத் தண்ணியின் வண்டல். பட்டறை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு பேசினை நோக்கி வந்தது. 2005இல் தபால் தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் சாதியெல்லாம் இல்லை, சாதாரணத் தெரு நாய். மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் பேசினைத் தூக்கினார். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; நாய் நக்கிக் குடிக்கும். உடம்புக்குள் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாக இறங்கிக் கொன்றுவிடும்.

"போன வருசம் ஒண்ணு போச்சு சார்" என்றவர், புனல் வைத்துக் கேனில் ஊற்றி மூடியை இரண்டு தரம் இறுக்கினார். நாய் ஈரத் தரையை மோந்து பார்த்தது. அவர் ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றி, விளக்குமாற்றால் தள்ள ஆரம்பித்தார்.